மதப்பற்றுள்ள யூதர்களிலேயே சிலர், யூதர்களுக்கு இஸ்ரேல் மண்ணில் தனிநாடு வேண்டும் என்ற சியோனிசத்தை எதிர்ப்பது ஏன்?

இவர்கள் சிறுபான்மைதான். ஆதாரமாகக் காட்டுவது யூதர்களின் பழைய மதநூலான தல்மூதில் வரும் மூன்று சத்தியங்களை: யூதர்கள் திரண்டு பலவந்தமாக இஸ்ரேல் மண்ணுக்குப் போகக்கூடாது, பிற நாடுகளுக்கு எதிராகக் கலகம் செய்யக்கூடாது, அந்நாடுகளும் யூதர்களை அளவுமீறி ஒடுக்கக்கூடாது. நாடிழந்த வாழ்வு கடவுள் விதித்தது, அதை முடிக்க, கடவுள் அனுப்பும் மீட்பரான மெசியாதான் வரவேண்டும் என்பது இவர்கள் நம்பிக்கை.

சரி, மூன்றாவது சத்தியத்தை ஹிட்லரே மீறிவிட்டானே, மற்ற இரண்டு மட்டும் எப்படிக் கட்டுப்படுத்தும்? எதிர்த்தரப்பின் கூர்மையான கேள்வி இதுதான். சத்மார் என்ற ஹசிடிக் (தீவிர மரபுவழி யூத) பிரிவின் தலைவராக இருந்த யோயல் டைட்டல்பாம் அதற்கும் தன் சியோனிச எதிர்ப்பிலிருந்து அசையவில்லை. இத்தனைக்கும், 1944இல் ஹங்கேரியிலிருந்து அவர் உயிர்தப்பியதே காஸ்ட்னர் என்ற சியோனிசவாதி ஏற்பாடு செய்த ரயிலில்! ஜெருசலேமின் மெயா ஷெயாரிம் பகுதியில் வாழும், சியோனிசத்தை எதிர்க்கும் நெதுரே கார்த்தா பிரிவினர் இன்றும் இஸ்ரேல் தேர்தலில் வாக்களிப்பதில்லை.