ஆஸ்துமா மருந்தை நிறுத்தினால் நுரையீரலின் திறன் குறையுமா?

பலருக்கும் குறையும். சில மாதங்களாக இருமல் இல்லை, இரவில் நிம்மதியாகத் தூங்க முடிகிறது, அப்புறம் எதற்குத் தினமும் இன்ஹேலர் என்ற யோசனையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் என் மகளுக்கு நடந்ததைப் படியுங்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அவள் ஊதும் எண்களைப் பல வருடமாக நோட்டில் குறித்து வரும் அம்மா.

அவளுக்குக் காலையும் இரவும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். விடுமுறைக்கு நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தாள். "இந்த வயசுல ஸ்டீராய்டா? வளர்த்தி நின்னு போயிடும்" என்று அவர் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். பாசத்தில் செய்ததுதான், மறுக்கவில்லை. திணறினால் அடித்துக்கொள்ளும் சால்பியூட்டமால் இன்ஹேலர் கையில் இருந்ததால் யாருக்கும் பயமும் வரவில்லை. முதலில் ஒரு தொந்தரவும் தெரியாது, அதுதான் ஆபத்தே.

திரும்பி வந்ததும் பீக் ஃப்ளோ மீட்டரில், அதாவது மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் கருவியில், ஊதச் சொன்னேன். வழக்கமாக 320 தொடுபவள் 240-ஐத் தாண்டவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். பொய் சொல்லவில்லை. மூச்சுக்குழாய் மெல்ல மெல்லச் சுருங்கும்போது உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது. ஓட வேண்டிய இடத்தில் நடப்பது, மாடிப்படியில் ஒரு நிமிடம் நிற்பது என்று தன்னை அறியாமலே குறைத்துக்கொள்கிறார்கள். மருத்துவரைப் பார்த்து மருந்தை மறுபடி தொடங்கினோம். அது முழுதாக வேலை செய்வதற்குள் சளி பிடித்து, நள்ளிரவில் இழுப்பு வந்துவிட்டது. நெபுலைசர், அப்புறம் சில நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை.

எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். இன்ஹேலர் மருந்து மைக்ரோகிராம் கணக்கு, பெரும்பாலும் மூச்சுக்குழாயில் வேலை செய்வது. மாத்திரையோ மில்லிகிராம் கணக்கு, இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போவது. இரண்டும் வேறு வேறு மருந்து, அப்படியே ஒப்பிடக்கூடாது என்று யாராவது சொல்வீர்கள். சரி. ஆனாலும் ஸ்டீராய்டுக்குப் பயந்து நிறுத்தப்போய்தான் ஸ்டீராய்டு மாத்திரை வரை போனது.

தினசரி இன்ஹேலர் ஆஸ்துமாவைக் குணப்படுத்துவதில்லை. மூச்சுக்குழாய்ச் சுவரின் அழற்சியை அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் பலருக்கும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ அது திரும்புகிறது. சுவர் வீங்கி, சளி சேர்ந்து, தூசிக்கும் புகைக்கும் குழாய் சட்டென்று இறுகுகிறது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் சோதனையில் முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு குறைவது அதனால்தான். வட அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை நான்கு முதல் ஆறு வருடம் கவனித்த ஆய்வு 2000-இல் வெளியானது. புடசோனைடு எடுத்துக்கொண்ட காலம் வரை மூச்சுக்குழாய் அவ்வளவு எளிதில் இறுகவில்லை. நிறுத்திய சில மாதங்களில் அந்த நன்மை போய்விட்டது. உயரத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன்: வித்தியாசம் இருந்தது, சராசரியாக 1 செ.மீ. அளவில்.

மருந்தைத் திரும்பத் தொடங்கினால் குறைந்துபோன திறன் பெரும்பாலும் மீண்டுவிடும். என் மகளுக்கு மீண்டது. ஆனால் கடுமையான இழுப்பு அடிக்கடி வருபவர்களுக்கு நுரையீரலின் திறன் வருடப்போக்கில் வேகமாகக் குறைகிறது, சிலருக்குச் சுவரே தடித்துப்போய் முழுதாகத் திரும்புவதில்லை.

மருந்து கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் வருவார்கள். "எங்க மாமா நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு, நல்லாத்தான் இருக்கார்" என்றும் வரும். இருக்கலாம். குழந்தைகளில் பலருக்கு வளர வளரத் தானாக அடங்குவதும் உண்மை. உங்களுக்கு அடங்கியிருக்கிறதா என்பது மாமாவைப் பார்த்துத் தெரியாது, அளந்துதான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். என் மகளின் பள்ளியில் அவளுடைய இன்ஹேலரை அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தார்கள். மருந்துகள் மாணவர் கையில் இருக்கக்கூடாதாம். விளையாட்டுத் திடலில் திணறுகிற பிள்ளை சாவி வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டுமா? மருத்துவரின் கடிதத்தோடு பலமுறை நடந்த பிறகே பையில் வைத்துக்கொள்ள விட்டார்கள். கேட்க யாரும் போகாத பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குறைக்க ஆசைப்படுவதில் தப்பில்லை. குறைந்தது மூன்று மாதமாவது கட்டுப்பாட்டில் இருந்தால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பதுதான் மருத்துவர்கள் செய்வது. அதைக் கேட்டு வாங்குங்கள், குறைக்கும் காலத்தில் பீக் ஃப்ளோ குறித்து வையுங்கள். ஏற்கனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் இந்த வாரமே போய் ஊதிப் பாருங்கள். இரவில் இருமி எழுந்தாலோ, சால்பியூட்டமால் அடிக்கடி தேவைப்பட்டாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.