கணக்கு உங்கள் பெயரில், சிம் யார் கையில்?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் பணிப்பெண்ணாக ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாதம் 400 வெள்ளி அண்ணன் கணக்குக்கு அனுப்புகிறேன். அம்மா நூறு ரூபாய்க்கும் அண்ணி கையைப் பார்க்கவேண்டியிருக்கிறது. தனிக் கணக்கு தொடங்கலாமா என்றால், "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்கிறார் அண்ணன். என்ன செய்வது?
– வாசகி, ஈசூன்

பதில்: தங்கையே, சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடை ஒன்றின் முகப்பில் 19 ஆண்டுகள் இருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் வரும் பெண்கள் நான்காக மடித்த தாளை நீட்டுவார்கள். அதில் கணவர் அல்லது அண்ணனின் கணக்கு எண் இருக்கும். தன் எண்ணை எழுதி வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு பெண் ஒன்பது ஆண்டுகள் அனுப்பினார். ஊரில் எழும்பிய வீடு தம்பி பெயரில் இருந்தது. ரசீதுகள் நிறைந்த பிஸ்கட் டப்பாவை என் முன் வைத்து, "இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா அக்கா?" என்றார். இன்றும் அந்த டப்பா என் கண்ணில் நிற்கிறது.

சம்பளத்தை உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் முதலாளி அப்படித்தான் கொடுக்கவேண்டும். 2019 முதல், பணிப்பெண்ணின் பணத்தை முதலாளி தம்மிடம் வைத்திருக்கவும் கூடாது. ஊரில் சேமிக்க, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. கணக்கு இருக்கிறது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. இங்குள்ள இந்திய வங்கிக் கிளைகளில் கடவுச்சீட்டு, வேலை அனுமதி அட்டையோடு போய் விசாரியுங்கள். அண்ணனோடு சண்டை வேண்டாம். வீட்டுச் செலவுக்கு உரியதை அனுப்புங்கள், மிச்சம் உங்களுடையது.

அம்மாவுக்கு, இந்திய அரசு 2014இல் கொண்டுவந்த ஜன் தன் திட்டத்தில் இருப்புத்தொகை இல்லாமலே கணக்கு தொடங்கலாம். உலக வங்கியின் 2021 கணக்கெடுப்பில், வளரும் நாடுகளில் ஆண்களில் 74 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 68 விழுக்காட்டினருக்கும் கணக்கு இருந்தது. இந்தியாவில் அந்த இடைவெளி அநேகமாக மறைந்தே விட்டது. ஆனால் கணக்கில் கொடுத்த கைப்பேசி எண் மகனுடையது என்றால், ஓடிபி அவருக்குத்தான் போகும். ஏடிஎம் அட்டையும் அவர் சட்டைப்பையில் இருந்தால், அம்மாவுக்கு மிஞ்சுவது பாஸ்புக் மட்டும். இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

அடுத்த விடுப்பில் முதல் வேலையாக அம்மா பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். பிறகு அவரை வங்கிக்கு அழைத்துப் போய் அந்த எண்ணையே பதியுங்கள். வயல் வேலையில் விரல் தேய்ந்து ரேகை பதியவில்லை என்று, கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் ஊர் வங்கி முகவர் திருப்பி அனுப்பினால், சோர்ந்துவிடாமல் வங்கிக் கிளைக்கே போய்ப் பணம் எடுக்கச் சொல்லிக்கொடுங்கள். முதல் தடவை நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பணத்தை அம்மாவே எண்ணி வாங்கட்டும்.