லாஸ் வேகாஸில் மியூசியம் பார்ப்பது வேலைமெனக்கெட்ட காரியமா?

கேள்வி: சூதாட்டத்திலும் இரவுக் கேளிக்கையிலும் ஆர்வம் இல்லாதவர்களுக்கு லாஸ் வேகாஸில் என்ன இருக்கிறது? அங்கே மியூசியங்கள் உண்டு என்கிறார்களே, தேறுமா?

தேறும். நன்றாகவே தேறும். ஆனால் நான் அங்கே போனது மியூசியம் பார்க்கும் ஆசையில் இல்லை, வேறு வழியில்லாமல்தான். நாங்கள் இருப்பது ஃபீனிக்ஸில். வீட்டுக்காரருக்கு வேகாஸில் மூன்று நாள் கான்ஃபரன்ஸ், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் எல்லோரும் ஒரே காரில் ஏறி ஐந்து மணி நேரம் பாலைவனத்தில் ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், சீட்டுக்கட்டை வீட்டு வாசற்படி ஏற விடமாட்டார். அம்மா கேட்கவே வேண்டாம். தங்கிய ஓட்டலில் லிஃப்டை விட்டு இறங்கி வாசலுக்கு வருவதற்குள் ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவே ஒரு தெரு நீளம் நடக்க வேண்டும், கண்ணுக்கு எட்டிய வரை ஜன்னலும் கிடையாது கடிகாரமும் கிடையாது. "இதென்னடி, பகலா ராத்திரியான்னே தெரியலயே" என்றார் அம்மா. அவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் அப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மியூசியம் போகலாம் என்றதும் அப்பா கேட்டது, "நம்ம செத்த காலேஜ் மாதிரியா?" எழும்பூர் மியூசியத்துக்கு அவர் வயதுக்காரர்கள் வைத்த பெயர் அது.

வேகாஸ் தன் பழசை வைத்துக்கொள்கிற ஊர் இல்லை. ஒரு கேசினோ பழசாகிவிட்டால் வெடி வைத்துத் தரைமட்டமாக்குவார்கள், அதையும் ஒரு காட்சியாக்கி ஜனங்களைக் கூட்டிவிடுவார்கள். ஸ்டார்டஸ்ட் 2007இல் போனது, ரிவியரா 2016இல். 1957இல் திறந்த ட்ராப்பிகானாவை 2024 அக்டோபரில் வாணவேடிக்கையும் ட்ரோன் காட்சியும் வைத்து இடித்தார்கள். நம் ஊரில் திருவிழாவுக்கு வாண வெடி விடுவோம், இங்கே இடிப்பதே திருவிழா. இப்படித் தூக்கிப் போட்டதெல்லாம் எங்கே போனது என்று தேடினால் ஏதாவது ஒரு மியூசியத்தில் போய் நிற்பீர்கள். அதனால், கேசினோ பிடிக்காதவர்கள் பொழுதைக் கழிக்க ஒதுங்கும் இடமாக இந்த மியூசியங்களை நினைக்காதீர்கள். முன்வாசலில் கேசினோ என்றால் அதே வீட்டின் கொல்லைப்புறம் இது.

முதலில் நியான் மியூசியம். உள்ளதைச் சொன்னால், டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் காயலான் கடை. அந்தக் காலத்தில் கேசினோக்காரர்கள் பெரும்பாலும் இந்த விளக்குப் பலகைகளைச் சொந்தமாக வாங்குவதில்லை, யெஸ்கோ போன்ற பலகைக் கம்பெனிகளிடம் வாடகைக்கு எடுப்பார்கள். ஓட்டல் மூடினாலோ பெயர் மாறினாலோ பலகை கம்பெனியின் யார்டுக்கே திரும்பி வந்துவிடும், உபயோகப்படுகிற பாகத்தைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை வெயிலில் போட்டு வைப்பார்கள். அப்படிக் கிடந்தவைதான் தப்பிப் பிழைத்தன. 1996இல் அமைப்பாகத் தொடங்கி, 2012இல்தான் முழு மியூசியமாகத் திறந்தார்கள். உள்ளே நுழையும் கட்டடமே ஒரு பழைய மோட்டலின் முன்கூடம். லா கோன்ச்சா என்று பெயர், சிப்பி மாதிரி வளைந்த கான்கிரீட் கூரை, 1961இல் கட்டியது. இடிபட இருந்ததை எட்டுத் துண்டாக அறுத்து 2006இல் இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். வடிவமைத்தவர் பால் ரெவியர் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் தன் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள் என்பதால், மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து அவர்களுக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாக வரையப் பழகியவர்.

நான் செய்த முட்டாள்தனம், ஜூன் மாதத்தில் மாலை 4 மணிக்கு டிக்கெட் போட்டது. பலகைகள் முழுக்க வெட்டவெளியில்தான் இருக்கின்றன, கீழே சரளைக்கல், மேலே வெயில், பக்கத்தில் போனால் தகரமே மூஞ்சியில் அனல் வீசுகிறது. அம்மா பத்து நிமிடத்தில் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அந்த வெயிலில் பார்த்ததால்தான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. ராத்திரியில் தங்கமாக மின்னியது பகலில் சாதாரணத் தகரம், மஞ்சள் பெயின்ட் உரிந்து அடியில் அதற்கு முந்தைய பெயின்ட் தெரிகிறது, பல்பு போன ஓட்டைகள் வரிசையாகப் பல் விழுந்த ஈறு போல. ஸ்டார்டஸ்ட் பலகையின் ஒவ்வொரு எழுத்தும் என்னைவிட உயரம். தூரத்திலிருந்து காரில் போகிறவன் படிக்க வேண்டும் என்பதற்காகச் செய்ததைக் கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் அது எழுத்தாகவே தெரியவில்லை, ஏதோ கப்பல் உடைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

அப்பா எழுத்தைப் பார்க்கவே இல்லை. பலகைகளின் பின்பக்கம் போகப் பார்த்தார். வழிகாட்டிப் பெண் அங்கே போகக்கூடாது என்று தடுத்ததும் என்னிடம், "டிரான்ஸ்ஃபார்மர் எங்க வச்சிருக்கான்னு கேளும்மா" என்றார். கேட்டேன். நியான் குழாய்க்குப் பல ஆயிரம் வோல்ட் தேவை, 15,000 வரைகூடப் போகும் என்று அந்தப் பெண் சொல்ல, "நம்ம தெருவுல போற லைனே 11 கேவிதான், இவன் விளம்பரப் பலகைக்குப் பதினஞ்சு கேவி குடுத்திருக்கானா" என்று அப்பா அசந்துபோனார். கரண்ட் சில பத்து மில்லி ஆம்பியர்தான் என்றதும்தான் சமாதானம் ஆனார். அப்புறம் அரைமணி நேரம் இருவரும் பேசினார்கள், நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். சுத்தமான நியான் வாயு ஆரஞ்சு கலந்த சிவப்பு மட்டுமே தரும், நீலம் வேண்டுமென்றால் ஆர்கானும் துளி பாதரசமும், மற்ற நிறங்களுக்குக் குழாயின் உட்புறம் பூச்சு. வேகாஸ் முழுக்க நியான் என்று சொல்கிறோமே, அதில் பாதிக்குள் நியானே இல்லை. குழாயை இன்னமும் கையால்தான் தீயில் காட்டி வளைக்கிறார்கள் என்பது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அங்கே தவற விடக்கூடாத பலகை மூலான் ரூஷ். வளைந்து வளைந்து ஓடும் இளஞ்சிவப்பு எழுத்து. 1955இல் திறந்த ஓட்டல் அது, வேகாஸில் கறுப்பர், வெள்ளையர் எல்லோரும் சேர்ந்து உள்ளே வரலாம் என்று திறந்த முதல் கேசினோ ஓட்டல். அதற்கு முன் நாட் கிங் கோல் மாதிரிப் பெரிய பாடகர்கள்கூட, கேசினோ ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையில் மேடையேறிப் பாடலாம், பாடிய ஓட்டலில் அறை எடுத்துத் தூங்க முடியாது, ஊரின் மேற்குப் பக்கம் போய்த்தான் படுக்க வேண்டும். மூலான் ரூஷ் சில மாதங்களிலேயே மூடிவிட்டது. ஆனால் 1960இல் நிறப்பாகுபாட்டை விலக்கிக்கொள்ள ஓட்டல்காரர்களோடு உடன்பாடு கண்டது அதே மூடிய கட்டடத்தில்தான். பலகையை வரைந்தவர் பெட்டி வில்லிஸ் என்ற பெண்மணி. ஊர் எல்லையில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே, 1959இல் வைத்த அந்த வரவேற்புப் பலகை, அதுவும் இவர் கைவண்ணம். காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார், அதனால்தான் அது சாவிக்கொத்திலிருந்து பனியன் வரை எல்லாவற்றிலும் இருக்கிறது.

மறுநாள் மாப் மியூசியம், டவுன்டவுனில், ஃப்ரீமான்ட் தெருவுக்குப் பக்கத்தில். மாஃபியாவுக்கு மியூசியமா என்று எனக்கும் உறுத்தல் இருந்தது, கொலைகாரர்களுக்குக் கோயில் கட்டிய மாதிரி. போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. கட்டடம் 1933இல் தபால் ஆபீசும் ஃபெடரல் கோர்ட்டும் சேர்த்துக் கட்டியது, நகராட்சி அதை ஒரே ஒரு டாலருக்கு வாங்கியது. மியூசியம் வர முன்னின்றவர் ஆஸ்கர் குட்மன், பல வருடம் மாஃபியா ஆட்களுக்குக் கோர்ட்டில் வாதாடிய வக்கீல், பிறகு இதே ஊருக்கு மேயர். இந்த ஊரில் மட்டும்தான் இது நடக்கும். இரண்டாம் மாடியில் அந்தக் கோர்ட் அறை அப்படியே இருக்கிறது. 1950 நவம்பர் 15 அன்று செனட்டர் கீஃபாவரின் குழு மாஃபியா பற்றி விசாரணை நடத்தியது அங்கேதான், பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த விசாரணையால் மற்ற மாநிலங்களில் கள்ளச் சூதாட்டத்தின் மேல் போலீஸ் பாய, தொழில் தெரிந்தவர்கள் எல்லாம் 1931லேயே சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்துவிட்ட, வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். மாஃபியாவை ஒழிக்கப் போய் வேகாஸுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த கதை.

ஊரே பேசும் பொருள் அங்கே ஒரு செங்கல் சுவர். 1929 பிப்ரவரி 14, சிகாகோவில் ஒரு கராஜில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்களே, அந்தச் சுவரின் முந்நூறுக்கும் மேற்பட்ட கற்கள். கட்டடத்தை 1967இல் இடித்தபோது ஒரு கனடா வியாபாரி கற்களை வாங்கி, கொஞ்ச நாள் தன் நைட் கிளப்பின் ஆண்கள் கழிவறையில் பதித்து வைத்திருந்தாராம். எனக்குச் சுவரைவிட அந்தக் கழிவறைக் கதைதான் மனதில் நின்றது. மியூசியத்தையும் 2012இல் அதே பிப்ரவரி 14ஆம் தேதியில் திறந்திருக்கிறார்கள், குசும்புதான். அப்பாவுக்குப் பிடித்த பகுதி வேறு: கேசினோவில் பணம் எண்ணும் அறையிலிருந்து கணக்கில் ஏறும் முன்பே ஒரு பங்கை எடுத்துப் பெட்டியில் போட்டு வெளியூர் முதலாளிகளுக்கு அனுப்பிய முறையை விளக்கியிருக்கும் இடம். "மீட்டருக்கு முன்னாடியே கொக்கி போட்டு இழுத்திருக்கான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. கொலை நடந்த இடத்துப் படங்கள் நிறைய உண்டு, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அணு மியூசியம், ஃபிளமிங்கோ சாலையில். ஊருக்கு வடமேற்கே ஏறக்குறைய 105 கிலோமீட்டரில் இருந்த சோதனைத் தளத்தில் 1951 ஜனவரியிலிருந்து 1992 செப்டம்பர் வரை 928 அணு வெடிப்புச் சோதனைகள், அதில் 100 திறந்த வெளியில். இதெல்லாம் ரகசியமாக நடக்கவில்லை என்பதுதான் தலை சுற்ற வைக்கிறது. 25,000 பேர்கூட இல்லாத ஊராக இருந்த வேகாஸ் இதையும் சுற்றுலாவாக்கிவிட்டது. எந்த நாள் எந்த நேரம் வெடிக்கும், எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று வர்த்தக சபை காலண்டர் போட்டுக் கொடுத்திருக்கிறது. பாரில் 'அணு' காக்டெயில் குடித்தபடி விடிய விடிய விழித்திருந்து காளான் மேகத்தைப் பார்த்திருக்கிறார்கள். சோதனைக்காக மரவீடுகள் கட்டி, ஜேசி பென்னி கடைத் துணி உடுத்திய பொம்மைகளைச் சோபாவில் உட்கார வைத்து வெடித்த படங்கள் அங்கே இருக்கின்றன. அம்மா அந்தப் படத்தின் முன்னாலிருந்து நகரவில்லை. "நம்ம ஜவுளிக்கடை வாசல்ல நிக்குற பொம்மைதானே... பிள்ளையக்கூட உக்கார வச்சிருக்கான் பாரு" என்றார். பதுங்கு குழி மாதிரி அமைத்த ஒரு சின்ன தியேட்டர் உண்டு, வெடிக்கும்போது பெஞ்சு அதிரும், காற்று முகத்தில் அடிக்கும். மற்றவர்கள் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. காற்று வீசிய திசையில் இருந்த யூட்டா ஊர்க்காரர்களுக்குப் புற்றுநோய் வந்த கதையையும், 1990இல்தான் அவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வந்ததையும், அந்த நிலமே தங்களுடையது என்று ஷோஷோனிப் பழங்குடிகள் இன்றுவரை சொல்வதையும் வீட்டுக்கு வந்து நிதானமாகப் படியுங்கள். மியூசியத்தைப் பார்த்துவிட்டுப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

ஓவியம், சிற்பம் என்று கேட்டால் ஊருக்கு அதில் ராசி இல்லை. 2001இல் நியூயார்க்கின் பேர்பெற்ற குகன்ஹைம் கலை மியூசியமே ஒரு கேசினோவுக்குள் கிளை திறந்தது, 2008க்குள் எல்லாம் மூடிவிட்டது. பெலாஜியோ ஓட்டலில் சின்னதாக ஒரு கேலரி உண்டு, அதற்காக மட்டும் மெனக்கெட வேண்டாம். நேரம் மிஞ்சினால் ஸ்பிரிங்ஸ் பிரிசர்வ் என்ற பூங்காவுக்குப் போங்கள், அங்கேயே நெவாடா மாநில மியூசியமும் இருக்கிறது. லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிஷில் புல்வெளிகள் என்று பொருள். அந்தப் பெயருக்குக் காரணமான ஊற்று இங்கேதான் இருந்தது, 1905இல் ரயில்வே வந்து மனை ஏலம் போட்டதும் இந்தத் தண்ணீரை நம்பித்தான். உறிஞ்சி உறிஞ்சி 1962இல் ஊற்று நின்றுபோனது. எங்களுக்கு அங்கே ஒரு மணி நேரம்தான் கிடைத்தது.

டிக்கெட் விலை இடத்துக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி மாறும், தலைக்கு 20 முதல் 35 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதியவர்களுக்குத் தள்ளுபடி இருக்கிறதா என்று பாருங்கள். மாப் மியூசியத்துக்கு மூன்று மணி நேரம் கண்டிப்பாக வேண்டும், லிஃப்டில் மூன்றாம் மாடிக்குப் போய் அங்கிருந்து இறங்கிக்கொண்டே வர வேண்டும், முட்டிவலிக்காரர்களுக்கு அது வசதி. நியான் மியூசியத்துக்கு மட்டும் கோடையில் இருட்டிய பிறகு டிக்கெட் எடுங்கள், முன்கூட்டியே. நாங்கள் அம்மாவுக்காக மறுநாள் ராத்திரி இன்னொரு முறை பணம் கட்டிப் போனோம், எரியாத பழைய பலகைகள் மேல் ப்ரொஜெக்டரால் ஒளி பாய்ச்சி ஒவ்வொன்றாக எரிவது போலக் காட்டினார்கள், அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "கரண்ட்டே குடுக்காம எரிய வச்சா என்ன அர்த்தம்" என்று காருக்கு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.