ஓடையில் கிடைத்த எலும்பு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். லீவு நாளில் காரை, கல்லமேடு ஆகிய ஊர்கள் பக்கம் நடந்து புதைபடிவங்கள் பொறுக்குவது பத்து வருடப் பழக்கம். போன மழைக்குப் பிறகு, கரை சரிந்த ஓர் ஓடையில் முழங்கை நீளத்துக்கு எலும்பு போன்ற கல் கிடைத்தது. டைனோசர் எலும்பு என்கிறார்கள். விலைக்குக் கேட்டு ஒருவர் போன் செய்கிறார். மைத்துனரோ போலீஸ் பிடிக்கும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஐயா, முதலில் அது எலும்புதானா என்று பார்க்க வேண்டும். 2020-இல் குன்னத்தில் கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று நம்பி ஊரே திரண்டது. வந்து பார்த்த நிபுணர்கள் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம் என்றார்கள். ஆனாலும் கல்லமேடு என்பதால் உங்கள் கல்லை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அங்கே டைனோசர் எலும்பு கிடைத்தது உண்மை.

புதைபடிவத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது, அது சட்டமாகவில்லை. அதனால் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. கல் கிடைத்த மண் யாருடையது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த இடத்தின் சர்வே எண்ணைப் பாருங்கள். பட்டா நிலமென்றால் உரிமையாளரின் சம்மதம், அதுவும் எழுத்தில், வேண்டும். ஓடைப் புறம்போக்கு என்றால் அரசு நிலம். காப்புக்காட்டிலிருந்தோ சுண்ணாம்புக்கல் குவாரிக்குள்ளிருந்தோ எடுத்திருந்தால் சிக்கல் பெரிது. அங்கெல்லாம் சாதாரணக் கல்லையே எடுக்க முடியாது.

திருட்டு ஆகுமா? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவைப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். மண்ணோடு ஒட்டியிருக்கும்வரை ஒரு பொருளைத் திருட முடியாது. பெயர்த்தெடுத்த நொடியே அது திருடக்கூடிய பொருளாகிவிடும். உங்களைக் காப்பாற்றுவது அதே பிரிவில் உள்ள ‘நேர்மையற்ற நோக்கம்’ என்ற நிபந்தனை. ஆர்வத்தில் பொறுக்கி, தேதியும் இடமும் நோட்டில் எழுதி வைக்கும் ஆசிரியரிடம் அந்த நோக்கத்தை நிரூபிப்பது கஷ்டம். அதே ஆசிரியர் பணம் வாங்கிவிட்டால் ரொம்பச் சுலபம். என் கவலை எலும்பைப் பற்றியதல்ல, அந்த போனைப் பற்றியது.

இன்னொன்று, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும், பத்து ரூபாயைத் தாண்டினால், கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. (பத்து ரூபாய்தான், அச்சுப்பிழை இல்லை.) தானாகப் புதைந்த எலும்பு புதையலாகாது என்று நான் வாதாடுவேன். ஆனால் ஒரு கடிதத்தில் முடிகிற விஷயத்துக்கு எதற்கு வாதம்?

அமெரிக்காவில் தனியார் நிலத்து எலும்பை விற்கலாம் என்று போன்காரர் சொல்லியிருப்பார். அங்கேயும் நிலம்தான் தீர்மானித்தது. 1990-இல் தெற்கு டகோட்டாவில் ‘சூ’ என்ற டைரனோசாரஸ் டைனோசரின் எலும்புக்கூடு கிடைத்தது. கண்டெடுத்தவர்கள் நிலக்காரருக்கு 5,000 டாலர் கொடுத்து எடுத்துப் போனார்கள். அந்த நிலத்தை நிலக்காரருக்காக அரசு தன் பொறுப்பில் வைத்திருந்ததால் 1992-இல் எஃப்.பி.ஐ. வந்து அள்ளிக்கொண்டு போனது. விற்பனை செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல, 1997-இல் நிலக்காரர் சார்பில் நடந்த ஏலத்தில் அது 83 லட்சம் டாலருக்கு மேல் போனது. தோண்டி எடுத்தவர்களுக்கு அதில் பங்கில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கல்லைக் கழுவாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். 1980-களில் கல்லமேட்டு எலும்புகளை வைத்துப் பெயரிட்ட பிருகத்காயோசாரஸ் என்ற ராட்சத டைனோசரின் எலும்புகளே நொறுங்கிப்போய், படங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அதே ஓடையில் மேற்கொண்டு தோண்டவும் வேண்டாம். கிடைத்த இடம், தேதி, புகைப்படத்துடன் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம், இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கு ஒரு நகல், இரண்டையும் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒப்படைக்கச் சொன்னால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். அரியலூர் பக்கம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் கடிதத்திலேயே எழுதலாம்.

போன்காரர் மறுபடி கூப்பிட்டால், கலெக்டருக்கு எழுதியாகிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.