சாத்தே குச்சிய முழுங்கிருச்சு, ரெண்டு நாள் பாக்கலாமா?

கேள்வி: அக்கா, நேத்து பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) வாங்கின சாத்தேய, அதான் மூங்கில் குச்சில குத்தி சுட்ட இறைச்சிய, எங்க நாய் பிரௌனி குச்சியோட முழுங்கிருச்சு. இப்ப நல்லாத்தான் ஓடுது, சாப்பிடுது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைன்றாங்க. வீட்டுக்காரரு, கிளினிக் போனா ஆயிரக்கணக்குல வெள்ளி போயிரும், ரெண்டு நாள் பாப்போம்ன்றாரு. என்ன பண்றதுக்கா?
செந்தூல் வாசகி

பதில்: தங்கச்சி, உங்க மெசேஜ பாத்த கையோட போன் பண்ணிட்டேன், புத்தகம் அச்சாகி வர்ற வரைக்கும் தாங்குற விஷயமில்ல இது. நாய் வளக்குற மத்தவங்களுக்காக இங்கயும் எழுதுறேன்.

உப்புத்தண்ணி வேணவே வேணாம். ரத்தத்துல உப்பு ஏறி வலிப்பு வந்து அதுலயே நாய் செத்துக்கூட போகலாம். கூரான குச்சி வேற, வாந்தியோட மேல வரும்போது தொண்டைய கிழிச்சிரும். ஓடுது சாப்பிடுதுன்னு நம்பியும் இருக்காதீங்க, மூங்கில் செரிக்காது, வயித்தையோ குடலையோ குத்தி வெளிய வந்துச்சுன்னா உள்ள சீழ் புடிச்சிரும், சில நாய்க்கு பல நாள் கழிச்சுதான் காய்ச்சலே காட்டும்.

செலவு பத்தி கேட்டீங்க. செக்கப்பும் எக்ஸ்ரேயும் சில நூறு வெள்ளில முடியும், ஆனா மூங்கில் குச்சி எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது, அதனால ஸ்கேன் இருக்கான்னு மொதல்லயே போன்ல கேட்டுக்குங்க. குச்சி இன்னும் வயித்துலயே இருந்தா மயக்க மருந்து குடுத்து வாய் வழியா ஸ்கோப் (கேமரா வச்ச குழாய்) விட்டு எடுத்துரலாம், வயித்த அறுக்க வேண்டியதில்ல. எல்லா கிளினிக்லயும் ஸ்கோப் கிடையாது, அதையும் கேளுங்க. கோலாலம்பூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு செர்டாங்ல யுபிஎம் பல்கலைக்கழகத்தோட கால்நடை மருத்துவமனை இருக்கு. மயக்கம் குடுக்க வேண்டி வரும்ன்றதால கிளம்புறதுக்கு முன்னாடி சாப்பாடு வைக்காதீங்க. குடலுக்கு எறங்கிருச்சுன்னா ஆபரேஷன், டிரிப், வார்டுன்னு உங்க வீட்டுக்காரர் பயப்படுற ஆயிரங்கள் அப்பதான் வரும்.

இத எப்படி இவ்ளோ உறுதியா சொல்றேன்னா, எங்க ராஜா மாங்கொட்டைய முழுங்கினப்போ நானும் காசுக்கு யோசிச்சு மூணு நாள் பாத்தேன். வாந்தி நிக்கல, தூக்கிட்டு ஓடினப்போ கொட்டை அடைச்ச எடத்துல ரத்த ஓட்டம் நின்னு குடல் கறுத்துப்போயிருந்துச்சு. மொத நாளே போயிருந்தா குடல கீறி கொட்டைய எடுத்து தைச்சிருப்பாங்க, நான் தாமதிச்சதால ஒரு துண்டு குடலையே வெட்டி ஒட்டவச்சாங்க, பில்லும் ஏறுச்சு. அத கட்டினோம், ஆனா அஞ்சாவது நாள் தையல் பிரிஞ்சு ராஜா போயிட்டான். இன்னும் மாம்பழம் வெட்டும்போது அவன் நெனப்புதான்.

கையில காசு கம்மியா இருந்தா டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லுங்க, எவ்ளோ ஆகும்னு எழுதிக் கேளுங்க, தவணைல கட்ட விடுவீங்களான்னும் கேளுங்க, சில எடத்துல ஒத்துக்குவாங்க.

தங்கச்சி அன்னிக்கே கிளம்பிட்டாங்க. ராத்திரி மெசேஜ் வந்துச்சு, குச்சி வயித்துலயே இருந்துச்சாம், ஸ்கோப்ல ரெண்டு துண்டா எடுத்துட்டாங்களாம், பிரௌனி வீட்டுக்கு வந்து தூங்குதாம்.