இரண்டாம் உலகப் போரில் லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் உண்மையில் என்ன செய்தது?

எதிரியின் முதுகுப்புறத்தில் புகுந்து திடீரென அடித்துவிட்டு மறையும் படை என்றுதான் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இயங்கிய இந்தப் பிரிட்டிஷ் படைப் பிரிவினரைப் பலரும் நினைக்கிறார்கள். அடித்தார்கள்தான். 1942 செப்டம்பரில் லிபியாவின் பார்சே விமானத் தளத்தில் நுழைந்து, நின்றிருந்த விமானங்களைக் கொளுத்தினார்கள். ஆனால் என்னைக் கேட்டால், அவர்கள் செய்த பெரிய வேலை சாலையோரம் படுத்துக்கொண்டு லாரிகளை எண்ணியதுதான்.

ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, போருக்குப் பல வருடங்கள் முன்பே, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நண்பர்களோடு ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றியவர். 1939-ல் அவர் போய்க்கொண்டிருந்த கப்பல் மத்தியதரைக் கடலில் மோதிப் பழுதானது. அதனால்தான் எகிப்தில் இறங்கினார். 1940 ஜூனில், லிபியாவை ஆண்டுகொண்டிருந்த இத்தாலி போரில் குதித்ததும், அங்கிருந்த பிரிட்டிஷ் படைகளின் தளபதி வேவல் ஆறே வாரத்தில் ஒரு படையைத் திரட்டச் சொன்னார். முதலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்துக்காரர்கள். பின்னால் இந்திய வீரர்களைக் கொண்ட ஒரு தனிப் பிரிவும் இவர்களோடு சேர்ந்து இயங்கியது.

ரேடியேட்டர் கொதித்து நடுவழியில் நின்றவர்களுக்குப் பாலைவனத்தில் இவர்கள் பட்ட பாடு நன்றாகப் புரியும். மணலில் திணறும் லாரி தண்ணீரை ஆவியாகக் கக்கிக்கொண்டே போகும். அங்கே ஒவ்வொரு சொட்டும் உயிர். பாக்னோல்ட் அந்த ஆவியை ஒரு குழாய் வழியாக, பாதி தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவுக்குள் விட்டார். ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகும். டப்பாவும் கொதித்தால் வண்டியைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் சூடு தணிந்ததும், டப்பாவில் சேர்ந்த தண்ணீரை ரேடியேட்டரே களகளவென்று திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். திசைக்கும் ஒரு வழி வைத்திருந்தார். வண்டியின் இரும்பு காந்த ஊசியை ஏமாற்றும் என்பதால், ஒரு தட்டின் நடுவே நிறுத்திய ஊசியின் நிழல் வெயிலில் எங்கே விழுகிறது என்று பார்த்தே ஓட்டினார்கள். இரவில் நட்சத்திரங்களின் உயரத்தைத் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியில் அளந்து, இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள்.

சரி, அந்த எண்ணும் வேலை. திரிபோலியிலிருந்து ஜெர்மன் தளபதி ரோம்மலின் போர்முனைக்குப் போகும் எல்லாமே கடலோரச் சாலை ஒன்றில்தான் போயாக வேண்டும். எல் அகெய்லாவுக்கு மேற்கே, இத்தாலியர்கள் கட்டிய பளிங்கு வளைவுக்குப் பக்கத்தில், 1942 மார்ச்சிலிருந்து ஜூலை வரை இவர்கள் அந்தச் சாலையை விட்டுக் கண் எடுக்கவில்லை. விடியுமுன் இரண்டு பேர் வந்து, சாலையிலிருந்து சுமார் முந்நூறு மீட்டர் தள்ளிப் படுத்துவிடுவார்கள். மறைய மரம் கிடையாது, சிறு புதர்கள்தான். பகல் முழுக்க எழுந்திருக்க முடியாது. டாங்கி எத்தனை, லாரி எத்தனை, ஆட்கள் எத்தனை என்று நோட்டில் குறித்துக்கொள்வார்கள். இருட்டிய பிறகு இன்னும் நெருங்கி, சத்தத்தையும் உருவத்தையும் வைத்து எண்ணுவார்கள். கணக்கு வயர்லெஸ் வழியாகக் கெய்ரோவிலிருந்த பிரிட்டிஷ் தலைமையகத்துக்குப் போகும். எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைத்து அறிந்ததைச் சரிபார்க்க, கண்ணால் பார்த்த இந்தக் கணக்குதான் கைகொடுத்தது.

எஸ்ஏஎஸ் என்ற பிரிட்டிஷ் அதிரடிப் படையினரைத் தாக்க வேண்டிய இடத்துக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கூட்டிவந்ததும் இவர்கள்தான். அப்புறம் 1943 ஜனவரியில், துனிசியாவில் எதிரியின் தற்காப்பு வரிசையான மாரெத் அரணுக்குத் தெற்கே மலைத்தொடரில் படைகள் போகக்கூடிய ஒரு கணவாயைக் கேப்டன் வைல்டரின் நியூசிலாந்து ரோந்துக் குழு கண்டுபிடித்தது. மார்ச்சில் நியூசிலாந்துப் படைப்பிரிவு அந்த வழியாகவே சுற்றிப் போய் அரணின் பின்பக்கத்துக்கு வந்து நின்றது.