கிரீனா, நேவியா? கனமான கிளிக் சுவிட்ச் வாங்கும் முன்

கேள்வி: 84 கீ உள்ள ஹாட்-ஸ்வாப் கீபோர்டில் (சால்டரிங் இல்லாமலே சுவிட்சைக் கழற்றி மாற்றும் வகை) செர்ரி எம்எக்ஸ் புளூ சுவிட்ச் போட்டிருக்கிறேன். சத்தம் பிடித்திருக்கிறது. ஆனால் விரல் லேசாகப் பட்டாலே எழுத்து விழுந்துவிடுகிறது. இதைவிடக் கனமான கிளிக் சுவிட்ச் வேண்டும். அழுத்தக் கணக்கில் செர்ரியின் எம்எக்ஸ் கிரீனுக்கு 80 என்றும் கைல் கம்பெனியின் பாக்ஸ் நேவிக்கு 60 என்றும் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் கிரீன்தானே கனம்? அல்லது புளூவிலேயே ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா? பாதி நேரம் தமிழ்99 விசை அமைப்பில் தமிழ், பாதி நேரம் ஆங்கிலம் அடிக்கிறேன்.

பதில்: உங்களுக்கு ஏற்றது நேவி. சுண்டுவிரல் தொடும் கீகளுக்கு மட்டும் கைலின் இன்னொரு கிளிக் சுவிட்சான பாக்ஸ் ஜேடு. முதலில் அந்த 80, 60 கணக்கைப் பார்த்துவிடுவோம். பலர் தவறான சுவிட்சை வாங்குவது அதை நம்பித்தான்.

கிளிக் சுவிட்சை அழுத்தும்போது அழுத்தம் ஒரே சீராக ஏறாது. ஏறி ஓர் உச்சத்தைத் தொடும், டிக் என்று விழும், சட்டென்று இறங்கும், அதன் பிறகு அடிமட்டம்வரை ஸ்பிரிங் மறுபடி எதிர்க்கும். எழுத்து பதிவாகும் புள்ளி பெரும்பாலும் அந்த இறக்கத்தை ஒட்டி இருக்கும். விரலுக்குத் தெரிவதோ உச்சம்தான். பெட்டியில் அச்சிடுவது எந்தப் புள்ளியின் கணக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செர்ரி, புளூவுக்கு 60 சென்டிநியூட்டன், கிரீனுக்கு 80 என்கிறது. ஒரு சென்டிநியூட்டனை ஒரு கிராம் என்றே வைத்துக்கொள்ளலாம். கைல் நேவிக்குச் சொல்லும் 60 கிராம், எழுத்து பதிவாகும் இடத்துக் கணக்கு. உச்சம் அதற்கும் மேலே. புளூவும் 60, நேவியும் 60, இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து நேவியை அழுத்தினால் முதல் அழுத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

உச்சத்தை வீட்டிலேயே அளக்கலாம். பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். சுற்றியுள்ள கீகேப்களை, அதாவது எழுத்து அச்சிட்ட மூடிகளை, கழற்றிவிட்டு, நடுவில் இருக்கும் ஒரு கீயின்மேல் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, தட்டாமல் மெதுவாக வையுங்கள். எத்தனையாவது நாணயத்தில் கீ தானாக டிக் என்று இறங்குகிறதோ அதுதான் உச்சம். எட்டு நாணயம் 62 கிராம், பத்து 77, பதினொன்று 85. நாணயத்தை மேலிருந்து போட்டால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும். ஒரே கீயில் மூன்று முறை செய்து பாருங்கள். உங்கள் புளூ எத்தனை நாணயத்தில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விரல் பட்டு எழுத்து விழுவதுதான் தொல்லை என்றால் அதைவிட இரண்டு, மூன்று நாணயம் கூடுதலாகத் தாங்கும் சுவிட்ச் போதும். ஐந்து, ஆறு நாணயம் கூட்டினால் மாலைக்குள் விரல் சோர்ந்துவிடும்.

அடுத்தது, டிக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது. என்னைக் கேட்டால் கிராமைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புளூவிலும் கிரீனிலும் ஸ்டெம், அதாவது கீகேப்பைத் தாங்கி மேலும் கீழும் போகும் தண்டு, இரண்டு துண்டு. நிறமுள்ள மேல் துண்டின் அடியில் வெள்ளையாக ஒரு சிறு ஜாக்கெட் தளர்வாக மாட்டியிருக்கும். உச்சத்தைத் தாண்டியதும் அந்த ஜாக்கெட் கீழே எகிறி அடிப்பதுதான் சத்தம். அது மறுபடி மேலே ஏறி உட்கார்ந்தால்தான் அடுத்த டிக். அதற்குக் கீ, பதிவான இடத்தைவிட நன்றாக மேலே வர வேண்டும். விரலைப் பாதி மட்டும் தூக்கி மறுபடி அடித்தால் சத்தமும் வராது, எழுத்தும் வராது.

நேவி, ஜேடு அடங்கிய பாக்ஸ் வகையில் ஜாக்கெட் கிடையாது. பக்கவாட்டில் ஒரு வளைந்த கம்பி இருக்கும். ஸ்டெம் அதை உரசித் தாண்டும்போது ஒரு டிக், திரும்பி ஏறும்போது இன்னொரு டிக். பதிவாகும் புள்ளிக்கும் விடுபடும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி ஜாக்கெட் வகையைவிடக் குறைவு. மொத்தப் பயணமும் செர்ரியின் 4 மில்லிமீட்டருக்குப் பதில் 3.6தான்.

தமிழ்99 அடிப்பவருக்கு இந்த இடைவெளி பெரிய விஷயம். ஆங்கிலத்தில் ஒரே கீயை அடுத்தடுத்து இருமுறை அடிப்பது எப்போதாவதுதான். தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும் என்பதால் க்க, த்த, ப்ப, ட்ட, ல்ல எல்லாமே இரட்டை அடிதான். 'பக்கம்' என்பதற்கு ப, க, க, ம, புள்ளி. வேகமாக அடிக்கும்போது விரல் போதுமான அளவு மேலே வராவிட்டால் இரண்டாவது க காணாமல் போய் 'பகம்' என்று நிற்கும். கிரீனில் கனமான ஸ்பிரிங் கீயை வேகமாகத் தள்ளிவிடும், அதனால் புளூவைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் இடைவெளி அதேதான்.

கிரீன் என்பது ஏறக்குறைய கனமான ஸ்பிரிங் போட்ட புளூ. புளூ கீபோர்டுகளில் ஸ்பேஸ் பாருக்கு மட்டும் கிரீன் போடும் வழக்கம் உண்டு. அந்த வேலைக்கு நல்ல சுவிட்ச். எல்லாக் கீயிலும் போட்டால் மேலிருந்து கீழ்வரை ஸ்பிரிங்கின் எதிர்ப்பே முன்னால் நிற்கும், டிக் அதில் அமுங்கிப்போகும். கனம் கூடுகிறது, கூர்மை கூடுவதில்லை.

இதிலேயே ஸ்பிரிங் கேள்விக்கும் விடை இருக்கிறது. புளூவில் கனமான ஸ்பிரிங் போட்டால் கிரீன்போல ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். அதற்காக 84 சுவிட்சைத் திறந்து மூட வேண்டும். திறக்கும்போது வெள்ளை ஜாக்கெட் கழன்று மேசைக்கடியில் உருண்டோடும். கோணலாக மாட்டினால் அந்தக் கீயில் டிக் செத்துவிடும். தனியாக விற்கும் ஸ்பிரிங்குகளில் போடும் எண்ணும் பெரும்பாலும் அடிமட்டத்தில் அழுத்தும் கணக்கு, உச்சத்தின் கணக்கு அல்ல. 68 கிராம் ஸ்பிரிங் வாங்கிவிட்டு வித்தியாசமே தெரியவில்லை என்று புலம்புபவர்கள் இதைக் கவனிக்காதவர்கள்.

இப்போது நேவியும் ஜேடும். இரண்டிலும் அதே தடித்த கம்பி. ஸ்பிரிங் மட்டும் வேறு. கைல் கணக்கில் ஜேடுக்கு 50 கிராம், நேவிக்கு 60. ஜேடில் உச்சத்தைத் தாண்டியதும் கீழே பிடிமானம் குறைவு, விரல் நேராக அடிமட்டத்தில் போய் மோதும். நேவியில் அந்த இடத்தில் ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும், கீயையும் சுறுசுறுப்பாக மேலே தள்ளும். இரட்டை மெய்க்கு இதுதான் வசதி. அதே வகையின் பாக்ஸ் வைட், பேல் புளூ இரண்டும் மெல்லிய கம்பி. பேல் புளூவில் ஸ்பிரிங் கனம்தான், டிக் மெலிவு. நீங்கள் தேடுவது அது இல்லை.

எல்லாக் கீயிலும் நேவி போட வேண்டாம் என்பதற்கும் தமிழ்99-தான் காரணம். ந, ய, ண, ச, ஞ ஐந்தும் வலது சுண்டுவிரலின் தலையில். ஆங்கிலத்தில் அந்த விரலுக்கு இவ்வளவு வேலை கிடையாது. அந்த ஐந்து கீ, அவற்றுக்குக் கீழே உள்ள சாய்கோட்டுக் கீ, இடது சுண்டுவிரலின் ஆ, அ, ஔ: ஆக ஒன்பது கீக்கு ஜேடு. கம்பி ஒன்றே என்பதால் சத்தத்தில் பெரிய மாறுபாடு தெரியாது. பத்துப் பத்தாகக் கட்டி விற்பதால் நேவி எட்டுக் கட்டு, ஜேடு ஒரு கட்டு வாங்கினால் 75-உம் 9-உம் போக ஆறு மிச்சம் இருக்கும்.

மொத்தத்தையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். முதலில் நேவி ஒரு கட்டு வாங்கி, க, ப, ம, த உள்ள நடு வரிசையில் போட்டு ஒரு வாரம் உண்மையான வேலையைச் செய்யுங்கள். கடையில் ஒற்றைச் சுவிட்சை விரலால் அமுக்கிப் பார்ப்பது ஏமாற்றும். ஒரு முறை அமுக்க எதுவும் கனமாகத் தோன்றாது. விரல் மூட்டிலோ முன்கையிலோ ஏற்கெனவே வலி இருந்தால் கனமான சுவிட்ச் பக்கமே போகவேண்டாம்.

சில மலிவான ஹாட்-ஸ்வாப் போர்டுகளில் அவுட்டெமு கம்பெனி சுவிட்சின் மெலிந்த உலோகக் காலுக்கான (பின்) துளைதான் இருக்கும், மற்றவை நுழையாது. உங்கள் போர்டில் செர்ரியே உட்கார்ந்திருப்பதால் அந்தக் கவலை இல்லை. வருவது ஐந்து பின் சுவிட்சாக இருந்து, போர்டில் மூன்று துளை மட்டும் இருந்தால், ஓரத்து இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிடலாம். தொடக்க காலத்தில் வந்த பாக்ஸ் சுவிட்சுகளில் ஸ்டெம் சற்றுப் பெரிதாக இருந்து கீகேப்பின் கழுத்தை விரித்துக் கீறியது. கைல் பிறகு அச்சைத் திருத்திவிட்டது. பழைய சரக்கைக் குறைந்த விலைக்கு யாராவது தள்ளினால் வாங்காதீர்கள்.

மாட்டும்போது ஒவ்வொரு சுவிட்சின் இரண்டு உலோகப் பின்னும் நேராக நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்திருந்தால் ட்வீசரால் நிமிர்த்தலாம். இரண்டு மூன்று முறை வளைத்தால் ஒடிந்துவிடும். முடிந்தால் போர்டைக் கீபோர்டின் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, சாக்கெட்டின் பின்பக்கம் ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, சுவிட்சைச் செங்குத்தாக இறக்குங்கள். தாங்காமல் அழுத்தினால் சாக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்து வரும், பிறகு சால்டரிங் வேலை. கீகேப் மாட்டும் முன்பே எல்லாக் கீயையும், எந்தக் கீ பதிவாகிறது என்று காட்டும் ஒரு கீ டெஸ்டரில் அடித்துப் பாருங்கள். பதிவாகாத கீ என்றால் பத்தில் ஒன்பது முறை பின் அடியில் மடங்கிக் கிடக்கும்.

கிரீஸ் பூச ஆசை வரும். கிரைடாக்ஸ் 205 போன்ற கெட்டி கிரீஸ் கம்பியில் பட்டால் டிக் மழுங்கிவிடும், அதைத் துடைத்தெடுப்பதும் பெரும்பாடு. நேவியில் ஸ்பிரிங் ரீங்கரிப்பது தொல்லையாக இருந்தால் ஸ்பிரிங்கை மட்டும் எடுத்து, ஜிப் பையில் போட்டு, ஜிபிஎல் 105 எண்ணெய் எட்டுப் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்கிவிட்டு மாட்டுங்கள். திறக்கும்போது பக்கத்துக் கம்பியைத் தொடாதீர்கள். அது நழுவினால் அந்தக் கீ சத்தமில்லாத சுவிட்சாகிவிடும். பெரிய கீகளில் டிக்கோடு கடகடவென்று இன்னொரு சத்தம் வந்தால் அது சுவிட்ச் இல்லை, நீளமான கீ சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர். கிரீஸ் போடவேண்டியது அங்கே.

பழைய புளூவிலும் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். 'பகல்' என்று ஒரே ஒரு க அடித்து 'பக்கல்' என்று விழுகிறதா? அப்படியென்றால் விரல் பட்டு விழும் எழுத்து மட்டுமல்ல, சுவிட்சின் தொடர்புத் தகடு துள்ளி ஒரு அடியை இரண்டாகக் காட்டுகிறது. அதைக் கனம் கூட்டித் தீர்க்க முடியாது. அந்தச் சுவிட்சை வேறு கீயோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் சுவிட்சின் தவறு. க்யூஎம்கே ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருள்) உள்ள போர்டு என்றால் துள்ளலைப் பொறுக்கும் நேரம் இயல்பாக 5 மில்லிசெகண்டு. அதை 10 ஆக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பாக்ஸ் வகையில் தொடர்புப் பகுதி தனிச் சுவருக்குள் அடைபட்டிருப்பதால் தூசி உள்ளே போவது குறைவு.

சத்தம் கூடும் என்பது நீங்கள் அறிந்ததுதான். போர்டுக்கடியில் நுரை வைத்தாலும் ரப்பர் வளையம் மாட்டினாலும் அடிமட்ட மோதல்தான் குறையும், டிக் குறையாது. அலுவலக அழைப்புகளில் மைக்கை மேசையில் வைக்காமல் தலையில் மாட்டும் ஹெட்செட்டுக்கு மாறுங்கள். கழற்றிய புளூக்களைத் தூக்கிப் போடாதீர்கள். இரவில் வீட்டார் தூங்கும்போதும் நேவி இதே சத்தம்தான் போடும், அப்போது நடு வரிசைகளுக்காவது பழையது தேவைப்படலாம்.